கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "உங்கள் நாளை முழுக்க வேலைகளால் அடைத்து வைக்காதீர்கள், கொஞ்சம் காலியாக விடுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. சிலர் வழி கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள். கோபமான கடிதம் ஒன்றுக்குக் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறேன், அது நியாயமான கோபம் என்பதால்.

வேலைக்குப் போகும் ஒரு தாய், கரூர்: காலை 5 மணிக்கு எழுந்து இரவு 10.30க்குப் படுக்கும்வரை எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். 5.20க்குக் குக்கர், 6.15க்குப் பிள்ளைகளை எழுப்புவது, 7.40க்கு ஸ்கூல் வேன், 8.10க்கு எனக்கு பஸ். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாம் குளறுபடியாகி அழுகை வந்துவிடுகிறது. "உனக்குப் பிளான் பண்ணத் தெரியவில்லை" என்கிறார் கணவர். இதற்கு மேல் எப்படித் திட்டமிடுவது?

இதற்கு மேல் திட்டமிடவே வேண்டாம் சகோதரி. நீங்கள் எழுதியனுப்பிய பட்டியலை இரண்டு தடவை படித்தேன். எந்த இரண்டு வேலைக்கு நடுவிலும் ஐந்து நிமிடம்கூட இல்லை. கரண்ட் போய் மிக்ஸி ஓடாமல் சட்னி பத்து நிமிடம் தள்ளிப்போனால், அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கிக்கொள்ள உங்கள் நாளில் எங்கேயும் இடம் கிடையாது, அது அப்படியே உருண்டுபோய் பஸ்ஸைத் தவறவைக்கும், பஸ் போனால் ஆபீசில் லேட், அங்கே லேட்டானதற்கு மாலையில் அரை மணி கூடுதலாக உட்கார வேண்டும், அதற்குள் டியூஷன் விட்டு பிள்ளை வாசலில் வந்து நிற்கும். காலையில் அரைபடாத சட்னிக்கு மாலை ஆறு மணிக்குக் குழந்தை தெருவில் நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டு பிளான் பண்ணத் தெரியவில்லை என்று சொல்வது அநியாயம்.

உங்கள் அடுப்படியில் இருக்கும் காஸ் சிலிண்டரையே பாருங்களேன். அதன் கொள்ளளவு 33.3 லிட்டர். நமக்கு வரும் 14.2 கிலோ காஸ், திரவமாக அதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கைத்தான் அடைக்கிறது. மீதி இடத்திலும் இன்னும் கொஞ்சம் பிடிக்குமே என்று யாரும் ஏற்றுவதில்லை. வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் திரவம் விரியும், விரிய இடம் இல்லையென்றால் சிலிண்டர் தாங்காது. அந்த ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கிற தைரியத்தில்தான் மீதியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறோம்.

உங்களுக்கு இப்போதைக்கு இரண்டு இடம் போதும். காலையில் வேன் வருவதற்கு முன் கால் மணி நேரம், மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் கால் மணி நேரம். அதில் எந்த வேலையையும் எழுதாதீர்கள். ஏதாவது கெட்டுப்போன நாளில் அது அந்தக் கேட்டை விழுங்கிக்கொள்ளும், எதுவும் கெடாத நாளில் உட்கார்ந்து காபி குடியுங்கள். இந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்றால், எதையாவது எடுத்தால்தான் வரும். காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஆளுக்கொரு தினுசாகச் செய்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் எடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே டிபன், ஒரே குழம்பு. இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். கணவருக்கும் ஒரு வார்த்தை: டியூஷனிலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் சார். பிளானில் இருக்கிற பெரிய ஓட்டை அதோடு அடைபட்டுவிடும்.

ஒரு தையல் கடைக்காரர், மதுரை: என்னிடம் நாலு மிஷின். காலையிலிருந்து ராத்திரி வரை நாலும் ஓடுகிறது, ஒரு நிமிடம் சும்மா இல்லை. ஆனாலும் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. முகூர்த்த மாதம் வந்தால் கடையில் உட்காரவே பயமாக இருக்கிறது. இன்னொரு மிஷின் போட்டால் சரியாகுமா?

சும்மா இல்லாமல் ஓடுவதால்தான் தேதி தவறுகிறது அண்ணே. கேட்கத் தலைகீழாக இருக்கும், கணக்கைப் பாருங்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் கோபன்ஹேகன் தொலைபேசி கம்பெனியில் எர்லாங் என்று ஒரு கணிதக்காரர் இருந்தார். எத்தனை லைன் வைத்தால் ஜனங்கள் காத்திருக்காமல் பேசலாம் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. 1909ல் அவர் எழுதியதிலிருந்துதான் வரிசையில் நிற்பதைப் பற்றிய கணக்கே வளர்ந்தது. ஆட்கள் முன்னே பின்னே வருகிறார்கள், ஒருவர் வேலை சீக்கிரம் முடிகிறது, இன்னொருவருடையது இழுக்கிறது. உங்கள் கடையும் அப்படித்தானே. ஒரே ஆள், ஒரே மிஷின், ஓர் உருப்படிக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்கு நாளில் பாதி நேரம்தான் வேலை என்றால், புதிதாக வரும் துணி சராசரியாக 1 மணி நேரம் காத்திருக்கும். நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலை என்றால் 4 மணி நேரம். 90 என்றால் 9. 95 என்றால் 19. அதாவது 80லிருந்து 95க்கு ஏறும்போது நீங்கள் கூடுதலாகத் தைத்தது ஐந்தில் ஒரு பங்குகூட வராது, வாடிக்கையாளர் காத்திருப்பு மட்டும் ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. நூறைத் தொட்டால் குவியல் வளர்ந்துகொண்டே போகும். நாலு மிஷின் என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் இறங்கும், ஆனால் கடைசியில் செங்குத்தாக ஏறுவது மாறாது.

இதையே ஆபரேஷன் தியேட்டரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 32 தியேட்டர்கள் இருந்தன. எல்லாமே எப்போதும் நிரம்பியிருக்கும், அவசர கேஸ் வந்தால் தேதி வாங்கியவர்களைத் தள்ளிவைக்க வேண்டும், டாக்டர்கள் ராத்திரி வரை நிற்க வேண்டும். 2002 வாக்கில் அவர்கள் ஒரு தியேட்டரை முன்பதிவே இல்லாமல் அவசரத்துக்கென்று ஒதுக்கினார்கள். ஓர் அறை குறைந்தும் மொத்த ஆபரேஷன்கள் கூடின. எந்த நோயாளி அவசரமாக வருவார் என்பதுதான் முன்கூட்டித் தெரியாது, அவசரமாக ஒருவராவது வருவார் என்பது தினமும் தெரிந்த விஷயம்.

உங்களுக்கும் அது தெரியும். "கை இறுக்குதுண்ணே, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று தினமும் யாராவது வருகிறார்கள். நாளைக்கு நிச்சயதார்த்தம், இன்றைக்கே பிளவுஸ் வேண்டும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். அவளுக்காக மிஷினில் பாதி தைத்திருந்ததை எடுத்து வைக்கிறீர்கள், அப்புறம் அந்தப் பாதித் துணிக்கு அதே கலர் நூலைத் திரும்பக் கோத்து, எங்கே விட்டோம் என்று பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது. நேரம் போவது அங்கேதான். நாலாவது மிஷினுக்குத் தேதி போட்ட ஆர்டர் எதையும் கொடுக்காதீர்கள். மாலை நாலு மணி வரை அது ஆல்டரேஷனுக்கும் அவசரத்துக்கும் மட்டும். நாலு மணிக்கு மேல் அதில் வேறு வேலை ஓடட்டும். இதைச் செய்யாமல் ஐந்தாவது மிஷின் போட்டால் அதுவும் ஒரு மாதத்தில் நிரம்பிவிடும், வாடகையும் சம்பளமும்தான் கூடும். "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்கிற பலகையை இந்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே மாட்டிப் பாருங்கள்.

நாலு வீடுகளில் வேலை செய்யும் ஒரு தாயின் மகள், சென்னை: இடம் விட்டு வாழுங்கள் என்பது வசதியானவர்கள் பேசும் பேச்சு. எங்கம்மா காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள், மறுபடி ஐந்து மணிக்கு ஒரு வீடு. மூன்று குழுவில் கடன், வாரத் தவணை. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். எங்களுக்கு இடம் எங்கே இருக்கிறது?

நீங்கள் சொல்வது சரி தங்கச்சி. இன்னும் ஒரு படி மேலேயே சொல்லலாம். அந்த நாலு வீடுகளிலும் காலையில் பேப்பர் படிக்க நேரம் இருக்கிறதென்றால், அது உங்கள் அம்மாவின் நாளிலிருந்து எடுத்த நேரம். இருக்கிறவர்கள் இல்லாதவர்களின் இடத்தை வாங்கித்தான் விசாலமாக இருக்கிறார்கள். அதனால் உங்கள் அம்மாவிடம் போய் "கொஞ்சம் ஓய்வு எடும்மா" என்று நான் எழுதினால் அது அவமரியாதை.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். இடம் அதிகம் தேவைப்படுவது உங்கள் வீட்டுக்குத்தான். பணம் உள்ள வீட்டில் ஒரு நாள் காய்ச்சல் என்றால் வெறும் காய்ச்சல், உங்கள் வீட்டில் அது தவணை பாக்கி, அதை அடைக்க இன்னொரு கைமாற்று, அதற்கு வட்டி. சட்டத்துக்கும் இது தெரியும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிறுகடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022ல் ஒரு வரம்பு வைத்தது. அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுவது, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் பாதி என்பதே அதிகம். வாடகை, காய்கறி, பஸ், பள்ளிக்கூடம் போக மிஞ்சுகிற பாதி எந்த வீட்டில் இருக்கிறது? ஆனால் அந்தப் பாதியையாவது நீங்கள் கையில் பிடித்துக்கொள்ளலாம். மூன்று குழுவின் அட்டைகளையும் எடுத்து, மாதம் மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று இன்றைக்கே கூட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஒரு தந்திரம் கவனித்திருப்பீர்கள். ஒரு கடன் முடிகிற வாரத்திலேயே, "நல்லா கட்டியிருக்கீங்கக்கா, அடுத்த சைக்கிள்ல தொகையைக் கூட்டித் தரோம்" என்று வருவார்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் வீட்டில் முதல் முறையாக ஒரு தவணை அளவுக்கு இடம் திறக்கிறது, அதை அன்றைக்கே அடைத்துவிடுகிறார்கள். மூன்றில் எது முதலில் முடிகிறதோ அதற்கு மறு கடன் வாங்காதீர்கள். அந்தத் தவணைப் பணத்தை இரண்டு மாதம், வேறு எதற்கும் இல்லாமல், அம்மா பெயரிலேயே அஞ்சலகக் கணக்கில் போட்டு வையுங்கள். மகளிர் உரிமைத் தொகை வருகிறதென்றால் முடிந்த மாதத்தில் அதையும் தொடாமல் விடுங்கள். பெரிய சேமிப்பு ஆகாது. அடுத்த காய்ச்சலுக்கு வட்டிக்கு வாங்காமல் இருக்க அது போதும், இப்போதைக்கு அவ்வளவுதான் நம் இலக்கு.

இனி எழுதுவது வீட்டில் ஆள் வைத்திருக்கிற மற்ற வாசகர்களுக்கு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1948லேயே சட்டம் வந்துவிட்டது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டம் போட்டார்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவருக்கு இந்த இரண்டும் வராது. அதனால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்: வாரம் ஒரு நாள், சம்பளத்தோடு லீவு. காய்ச்சலுக்குப் பிடித்தம் கூடாது. சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் போனில் கத்தாதீர்கள், அன்றைக்கு நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர், குன்றத்தூர்: மழைக்காலம் வந்தால் செம்பரம்பாக்கத்தில் இடம் வைத்திருக்கணும், தண்ணீரைத் திறந்து விடணும் என்கிறார்கள். அதே ஆட்கள் மே மாதம் குடிக்கத் தண்ணீர் இல்லை என்கிறார்கள். இடம் விடுவது நல்லதா, வீணா? ஒரு முடிவு சொல்லுங்கள்.

அந்தப் பகுதியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், இது விவாதத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை என்று தெரிகிறது. ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 நவம்பர் முழுக்க மழை. டிசம்பர் 1 ராத்திரி, ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்து கிடந்த ஏரிக்கு மேலும் வெள்ளம் வர, வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு கரை தாண்டியது. 2018ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அதை மனிதர்களால் விளைந்த பேரழிவு என்றே எழுதியது. நவம்பரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் பண்ணியிருக்கலாம் என்பது அன்றிலிருந்து இன்றுவரை பேசப்படுகிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது வேறு மாதிரி செய்தார்கள். ஏரி 22 அடியைத் தொட்டதுமே 1,000 கன அடியில் தொடங்கி, வரத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். அந்த இரண்டடிதான் கீழே இருக்கிறவர்களின் பாதுகாப்பு.

ஆனால் நீங்கள் சொல்லும் மறுபக்கமும் உண்மை. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இடம் விடுவதற்கு விலை உண்டு, இல்லவே இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதனால்தான் எவ்வளவு இடம் என்பதைவிட எப்போது இடம் என்ற கேள்வி முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அக்டோபரிலும் நவம்பரிலும் இடம் இருக்க வேண்டும், மழை ஓய்கிற சமயத்தில் நிறைத்துக்கொள்ள வேண்டும். தினமும் வானிலையைப் பார்த்து இதை நடத்த ஒரு பொறியாளர் வேண்டும், அவர் ராத்திரியில் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காமல் முடிவெடுக்க அதிகாரம் வேண்டும். அப்புறம், கோடையில் காய்ந்து கிடக்கும் நீர்ப்பிடிப்பைக் காலி மனையாகப் பார்க்கிற கண்ணும் மாற வேண்டும். காலியாகக் கிடக்கிறதே என்று கட்டிவிட்டு, பிறகு அந்த வீடு நனையக் கூடாது என்பதற்காக ஏரியை நிறைக்க விடாமல் தடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

வீட்டுக் கணக்கையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். வருஷம் முழுக்க ஒரே அளவு மிச்சம் பிடிக்க முயல்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மழைக்காலம் எது என்று தெரியும்: ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், ஆவணியில் மொய், ஐப்பசியில் தீபாவளி. அதற்கு முந்தின இரண்டு மாதம் புதுத் தவணை எதையும் ஆரம்பிக்காமல் இருந்தாலே பாதி மூச்சு திரும்பும். ஏப்ரலில் பைக் மாற்றிவிட்டு ஜூனில் நகையைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஒரு கல்லூரி மாணவர், சேலம்: போனில் எப்போதும் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வருகிறது. போனை மாற்றவா?

மாற்ற வேண்டாம் தம்பி. வாட்ஸ்அப் குரூப்களில் தானாக இறங்கும் வீடியோக்களை நிறுத்துங்கள், பழையதை அழியுங்கள். எப்போதும் சில ஜிபி காலியாக இருக்கட்டும். அப்டேட் இறங்கவும், ஆப்கள் தற்காலிகக் கோப்புகளை வைத்து எடுக்கவும் போனுக்கு இடம் வேண்டும், அது இல்லாதபோதுதான் திணறுகிறது.

கார் ஓட்டும் வாசகி, கோவை: முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் இடைவெளி விட்டால் உடனே எவராவது வந்து நுழைந்துவிடுகிறார்கள். பிறகு எதற்கு இடைவெளி?

நுழையட்டும் அம்மா. 60 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறீர்கள். முன் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்ததைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு வினாடிக்கு மேல் ஆகிவிடும். அதனால்தான் இரண்டு வினாடி இடைவெளி, அதாவது 33 மீட்டர், என்று சொல்கிறார்கள். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள், முடித்த பிறகுதான் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தொட வேண்டும். மழையில் இது இரண்டு மடங்கு.

ஒருவர் நுழைந்தால் மறுபடி இரண்டு வினாடி பின்வாங்குகிறீர்கள், நஷ்டம் அவ்வளவுதான். கோவையிலிருந்து அவிநாசி போவதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் 20 வினாடி. அதற்காக ஒட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. ஜப்பானில் 2008ல் வெளியான ஒரு சோதனையில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே மாடு இல்லை, கொஞ்ச நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகி கார்கள் நின்று நின்று போக ஆரம்பித்தன. ஒருவர் லேசாக பிரேக் தொட்டால் பின்னால் இருப்பவர் கொஞ்சம் அதிகமாகத் தொடுகிறார், அப்படியே பின்னால் பெருகிக்கொண்டு போகிறது. இடைவெளி விட்டு ஓட்டுகிறவரிடம் வந்தால் அந்த அலை தணியும். உங்களுக்குப் பின்னால் வருகிற இருபது வண்டிக்காரர்களுக்குத் தெரியாமலே நீங்கள் உதவி செய்கிறீர்கள்.

வீடு கட்டும் தம்பதி, திருப்பூர்: எங்களுக்கு மூன்று சென்ட் மனை. பக்கச் சுவரை எல்லை வரைக்கும் இழுத்துவிட்டால் ஒரு ரூம் கிடைக்கும் என்கிறார் மேஸ்திரி. பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் கட்டியிருக்கிறார். இருப்பதே 1,307 சதுர அடி, அதில் காலியாக விட மனசு வரவில்லை.

பக்கத்தில் இவ்வளவு விட வேண்டும் என்று கட்டட விதி இருக்கிறது. அனுமதி வாங்கின வரைபடத்தை மீறினால் பின்னால் தொல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் விதியே இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் எல்லை வரை கட்டியிருக்கிறார், நீங்களும் கட்டினால் இரண்டு சுவருக்கும் நடுவில் நாலு விரல் சந்து மிஞ்சும். அந்தச் சந்துக்குள் கொத்தனாரின் கை போகாது. அதனால் உங்கள் வெளிச்சுவர் பூசப்படாமலே நிற்கும், செங்கல் அப்படியே மழை குடிக்கும். மேலே தகரம் மடித்து அடிப்பார்கள், இரண்டு வருஷத்தில் அது துருப்பிடித்துத் தூக்கிக்கொள்ளும். மூன்றாவது மழையில் உங்கள் படுக்கையறைச் சுவரில் ஓதம் தெரியும். உள்ளே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். சரி பண்ண வெளியே சாரம் கட்ட வேண்டும், சாரம் கட்ட இடம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைதான் வரும். குழாய் உடைந்தாலும் இதே கதை. எதிர்க் காற்று வராத அந்தக் கூடுதல் ரூம் கடைசியில் பழைய சாமான் போடும் இடமாகத்தான் ஆகும். ஓர் ஆள் ஏணியோடு நடக்கிற அளவுக்காவது சுற்றி விடுங்கள். பின்பக்கம் கொஞ்சம் மண் தரையாகவே இருக்கட்டும், மழைநீர் இறங்கட்டும், ஒரு கறிவேப்பிலைச் செடி வரட்டும். ரூம்தான் அவசியம் என்றால் மாடியில் பிறகு கட்டிக்கொள்ளலாம், அதற்குத் தகுந்த அஸ்திவாரமும் பில்லரும் இப்போதே போடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் அம்மா, திருச்சி: கீபோர்டு, அபாகஸ், இந்தி, ஸ்கேட்டிங், ஞாயிறு மதியம் மட்டும்தான் காலி. அதில் ஓவிய வகுப்பு சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். இருப்பதிலும் எது பிடிக்கவில்லை என்று அவளிடமே கேட்டு, ஒன்றை நிறுத்துங்கள். "போர் அடிக்குதும்மா" என்று ஒரு குழந்தை வந்து நின்றால் உடனே போனையோ வகுப்பையோ நீட்ட வேண்டியதில்லை. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள், தலையணையில் வீடு கட்டியிருப்பாள், இல்லையென்றால் சுவரில் படம் வரைந்திருப்பாள். ஓவிய வகுப்பும் ஆயிற்று.

ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: எனக்கு இடமே இடம்தான் ஐயா. நாள் முழுக்கக் காலி. அதுவும் நல்லதா?

இல்லை சார். நடுவில் வேலை இருந்தால்தான் இடைவெளி இடைவெளியாக இருக்கும். காலையில் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், யாராவது உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிற மாதிரி ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். தெருவில் கணக்கு வராத பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் யார் கூப்பிட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள், ஓய்வு பெற்றவர் சும்மாதானே இருக்கிறார் என்று உறவுக்காரர்கள் எல்லா அலைச்சலையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா, தாம்பரம்: திருநெல்வேலியில் கல்யாணம், காலை 7.30க்கு முகூர்த்தம். ராத்திரி ரயிலில் ஏறினால் 6.30க்குப் போய்ச் சேரும் என்று டைம் டேபிளில் இருக்கிறது. லீவு மிச்சம், அதில் நாற்பது பேருக்கு டிக்கெட் போடலாமா?

வேண்டாம். ரயில்வேக்காரர்கள் டைம் டேபிள் போடும்போதே தாமதத்துக்கு ஈடு கொடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் சேர்த்துத்தான் போடுகிறார்கள், கடைசி ஒன்றிரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் தூரத்துக்குப் பொருந்தாத அளவு நேரம் போட்டிருப்பதை நீங்களே பார்க்கலாம். அதனால் பெரும்பாலும் நேரத்துக்குப் போய்விடும். ஆனால் அது ரயில்வே தனக்கு விட்டுக்கொண்ட இடம், உங்கள் கல்யாணத்துக்கு விட்டது இல்லை. ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு நாற்பது பேரையும் சீர்த்தட்டுகளையும் ஏற்றிப் போக வேண்டும், பெண்கள் புடவை மாற்ற வேண்டும், இருக்கிற இரண்டு பாத்ரூமுக்கு வரிசை நிற்கும். மாப்பிள்ளை, தாய் தகப்பன், தாலி, கூறைப்புடவை, இவ்வளவும் முந்தின நாள் பகல் ரயிலிலேயே போகட்டும். லீவு கிடைக்காதவர்கள் மட்டும் ராத்திரி ரயிலில் வரலாம். தாலியை மட்டும் அவர்களிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.